புழு தின்னாத நிழல்

ஆனி மாதத்தில் ஒன்பதே நாளில் ஆறாம் நம்பர் தோட்டத்துத் தேக்கிலை முழுவதையும் புழு தின்று தீர்த்தது, நிழலை மட்டும் தின்னாமல் விட்டுவிட்டுப் போனது.

அந்த ஒன்பது நாளும் வானத்தில் மேகமே இல்லாமல் தூறல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது தூறல் இல்லை, முந்நூற்றுச் சொச்சம் மரங்களின் மேலிருந்தும் புழுக்கள் போட்ட கடுகளவு எச்சம் காய்ந்த சருகின் மேல் விழுகிற சத்தம், அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் சோறு தின்றோம், துணி துவைத்தோம், பிள்ளைகளைத் தூங்க வைத்தோம். பத்தாம் நாள் விடிந்தபோது சத்தம் நின்றிருந்தது. புழுக்கள் நூல் விட்டு இறங்கி மண்ணுக்குள் போயிருந்தன. மேலே பார்த்தவர்களுக்கு மரத்துக்கு மரம் காம்பும் நரம்பும்தான், கீழே பார்த்தால் நேற்று இருந்த நிழல் நேற்று இருந்த இடத்திலேயே, முறம் முறமாய்த் தேக்கிலை நிழல், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. காற்று வந்தால் ஆடியது. வெயில் சாய்ந்தால் அதுவும் நீண்டது. சலசலப்பு மட்டும்தான் இல்லை.

வஞ்சியக்காவின் ஆடுகள் எப்போதும்போல் பத்து மணிக்கு வந்து அதில் படுத்து அசை போட்டன. ஆடே படுத்துவிட்ட பிறகு மனுசர் சொல்வதற்கு என்ன இருக்கிறது. வஞ்சியக்கா எங்கள் கல்லுப்பள்ளத்தில் டீக்கடை வைத்திருப்பவள், பஸ் திரும்புகிற இடத்தில் கடை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்தாள்.

"எலயத் தின்னுட்டு நெழல உட்டுட்டுப் போயிருக்குது. நல்ல புழு. ஓட்டுக் கேட்டு வர்றவனா இருந்தா ரெண்டையும் தின்னுருப்பான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கல்லுப்பள்ளம் என்றால் பதினைந்து லைன் வீடு, தேக்கு நட வந்த ஆட்களுக்காக அந்தக் காலத்தில் கட்டியது. பதினான்கு வீடு ஒரே வரிசையில் இருக்கும், பதினைந்தாவது வீடு ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும், அது எங்கள் வீடு. அந்த வீட்டில் அப்போது நானும் என் மகள் நிவியும் இருந்தோம். நிவிக்கு மூன்று வயது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தார்.

எனக்கு ஒரு வேலை இருந்தது. மரங்களின் நலத்தைப் பார்க்கிற ஆபீஸ் ஒன்று கீழே டவுனில் இருக்கிறது. அங்கிருந்து பெனிட்டா மேடம் இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து, ஆறாம் நம்பரில் இருபது மரத்துக்கு மஞ்சள் பெயிண்டில் வளையம் போட்டு நம்பர் எழுதி, ஒரு வெள்ளைத் துணியை என் கையில் கொடுத்தார்கள். துணியில் நீல நூலால் நூறு கட்டம் தைத்திருந்தது. மாதம் பிறந்து ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் அதை மரத்தடியில் விரித்து, எத்தனை கட்டத்தில் நிழல் விழுகிறது என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும், எழுதிய பக்கத்தைப் போனில் படம் பிடித்து, சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி அனுப்ப வேண்டும். எனக்கு ஆறாவது வரைக்கும்தான் படிப்பு, நூறு வரைக்கும் எண்ணத் தெரியும், அது போதும் என்றார்கள்.

மேடத்துக்கு நாகர்கோவில் பக்கம். "நெழல மட்டும் எண்ணிப் போடுங்க மைனா. மேல பாக்காண்டாம், பாத்தா கழுத்தும் வலிக்கும், கணக்கும் தப்பும். ஒண்ணும் பயப்படாண்டாம், கேட்டேளா?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் அப்படியேதான் செய்தேன். நோட்டில் மூன்று பத்தி உண்டு, மரத்தின் நம்பர், நிழல், குறிப்பு. குறிப்பு என்கிற பத்தியில் இரண்டு வருடமாக நான் ஒன்றும் எழுதியதில்லை, என் கையெழுத்து கோணலாக இருக்கும், அதைப் படித்து ஆபீசில் யாராவது சிரித்தால் என்ன செய்வது. ஆடி ஐந்தாம் தேதி துணியை விரித்தேன், எண்ணினேன், ஏறக்குறைய எல்லா மரத்தடியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. போன வருட ஆடியிலும் அதுதான். எழுதி அனுப்பினேன். மேடம் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்கள்.

நிழல் ஏன் நின்றது என்பதற்குக் கடையில் நாலைந்து காரணம் சொன்னார்கள். காட்டுக் காவலர் மாரப்பண்ணன், "நெழல்ல உப்பு இல்ல, புழு எப்பிடித் திங்கும்?" என்றார். வஞ்சியக்கா சொன்னதைத்தான் ஊர் ஒப்புக்கொண்டது. மாசியில் தேக்கு இலை உதிர்க்கிறதே, அப்போது இலை தானாகப் பழுத்து, பொழுது பார்த்து, நிழலையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது, அது சொல்லிக்கொண்டு போகிற போக்கு. இந்த இலைகளுக்கோ அந்த நேரம் கிடைக்கவில்லை. "போய்ட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள தின்னு போட்டுது. சொல்லாமப் போனா நெழல் எங்கீன்னு போகும்? அதுபாட்டுக்கு நிக்குது" என்றாள்.

நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நிவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போன ஆடி பதினெட்டுக்கு மறுநாள் போனார். நான் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர்கள் அவசரப்படுத்தினார்களாம். ஈரக்கையோடு திரும்பி வந்தபோது கொடியில் அவருடைய துண்டு இல்லை, வாசலில் செருப்பு இல்லை. தை வரைக்கும் போன் வந்தது. அதன் பிறகு நான் கூப்பிட்டால் ஒரு பெண் தெரியாத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவளுடைய குரல் எனக்குப் பாடமாகிவிட்டது, எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்பதுகூடத் தெரியும்.

அவர் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை ஒன்று பெட்டியில் இருந்தது. அதை நான் வெள்ளிக்கிழமைதோறும் துவைத்து ஓடையைப் பார்த்த கொடியில் காயப் போட்டேன். அழுக்கே இல்லாத சட்டையைத் துவைப்பது சுலபம். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கிறவர்களுக்கு, மரம் ஏற்றிப் போகிற லாரிக்காரர்களுக்கு, இந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரியட்டுமே என்று.

"என்ன மைனா, சென்னியப்பன் வந்துட்டானாட்ட இருக்குது?" என்று கேட்பார்கள்.

"ஆமாங்க. பொழுதோட வந்தாருங்க, வெடியறதுக்குள்ள வண்டி வந்துருச்சு, போய்ட்டாருங்க" என்பேன்.

பாறை மேல் நின்று அம்மாவிடம் பேசும்போதும் அதேதான். அம்மா தாராபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். "மாப்பள நல்லாருக்காரா கண்ணு?" என்பாள். "நல்லாருக்காரும்மா, நாங்களும் நல்லாருக்கறம்" என்பேன். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

ஊர் அந்த நிழலுக்குப் பழகிக்கொண்டது. கடுக்காயும் ஆவாரம்பூவும் அதில் காய வைத்தார்கள், நிறம் மாறாமல் காய்ந்தது. சவரம் செய்கிறவர் கீழேயிருந்து நாற்காலியோடு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தார். சுயஉதவிக் குழுக் கூட்டத்தை அங்கே மாற்றினார்கள். ஒரு பெண் பார்க்கிற சடங்கே அதில் நடந்தது, மாப்பிள்ளை வீட்டார் மேலே பார்த்து முகம் சுளித்து, கீழே பார்த்து முகம் தெளிந்து, பலகாரம் தின்றார்கள். செய்தி கேட்டு அடுத்த ஊர்களிலிருந்து வந்தார்கள். ஒருவர் நிழல் விழுந்த மண்ணாகப் பார்த்து இரண்டு சாக்கில் அள்ளி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார், வீட்டில் கொட்டிப் பார்த்தால் வெறும் மண்ணாம், அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். "டிக்கெட்டு ரெண்டு பக்கமும் மண்ணுக்கே சரியாப் போச்சு" என்று கண்டக்டர் சிரித்தார்.

மழைக்கு மட்டும் அது உதவவில்லை. மழை வந்தால் அடர்ந்த நிழலில் நின்றுகொண்டே எல்லாரும் நனைந்தோம். பறவைகளும் வரவில்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஏழாம் நம்பர் பக்கம் போய்விட்டது. பகலெல்லாம் அவ்வளவு பெரிய நிழலில் ஒரு கீச்சுச் சத்தம் கிடையாது. நான் துணியை விரித்தால் நிவி அதன் மேல் மல்லாந்து படுத்துக்கொள்வாள்.

"அம்மா, குருவிக்கு நெழல் வேண்டாமா?"

"வேண்டாமாட்ட இருக்குது சாமி."

"ஏன்?"

"நீ காலத் தூக்கு, அம்மா எண்ணோணும்."

ஆடி நடுவில் மரங்கள் மறுபடி தளிர்த்தன. ஆடி முடிவதற்குள் மண்ணுக்குள் போன புழு அந்துப்பூச்சியாகி, முட்டை வைத்து, மறுபடி தூறல் சத்தம் கேட்டது, எட்டு நாளில் இரண்டாம் இலையும் போனது. அதன் நிழலும் போகவில்லை. பழைய நிழலின் மேல் புது நிழல் விழுந்து, உச்சிப் பொழுதிலேயே சாயங்காலம் போலானது, நிழலில் காளான் முளைத்தது, உட்காருகிற பெண்கள் துண்டு போர்த்திக்கொண்டார்கள், வஞ்சியக்கா கடையில் பகலிலேயே லைட்டுப் போட்டாள். ஆவணி ஐந்தாம் தேதி நான் எண்ணியது தொண்ணூற்றெட்டு.

அன்றைக்குத்தான் துணியை மடித்துக்கொண்டிருந்த என்னிடம் மாரப்பண்ணன் வந்து, தாழ்ந்திருந்த ஒரு கொப்பைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே வெளிர் பச்சை. "பச்சை இருக்கற வரைக்கும் உசுரு இருக்குது. தேக்கு ஒரு வருசத்துல ரெண்டு தடவ தளுக்கும் அம்மிணி. மூணாந் தடவையும் புழு தின்னுபோட்டா, அப்பறம் தளுக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணும் இருக்காது" என்றார்.

அன்றிலிருந்து நான் தினமும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இருபது மரத்திலும் ஒவ்வொரு கொப்பு. வெளிர் பச்சை, மஞ்சள், பிறகு நுனியில் பழுப்பு. பழுப்பு ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று நுனியிலிருந்து உள்ளே நடந்து வந்தது. என் கட்டைவிரல் நகத்துக்குள் எப்போதும் பட்டைத்தூள். சோறு பிசைந்தால் கசந்தது.

அந்த வாரமே ஊர்க் கூட்டம் போட்டார்கள், அந்த நிழலிலேயேதான். நாலு வருடத்துக்கு முன்னால் எட்டாம் நம்பரில் மரம் காய்கிறது என்று ஆபீசுக்குத் தெரிந்துபோய், அடியோடு வெட்டுகிற கூப்பு என்று அறிவித்து, ரம்பம் கொண்டுவந்து பதினைந்தே நாளில் வெட்டிவிட்டார்கள். அந்த வெட்டவெளியைப் பார்த்தால் இப்போதும் கண் கூசும். அதனால் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கூட்டத்தில் என் பக்கம் யாரும் திரும்புவது அதுதான் முதல் தடவை.

"நீ தொண்ணூத்தெட்டுன்னே எழுது கண்ணு" என்றாள் வஞ்சியக்கா. "பொய்யா எழுதச் சொல்றம்? துணியில இருக்கறதத்தான எழுதச் சொல்றம்?"

"ஆமாங்க்கா" என்றேன். மாரப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பு இரண்டு விரற்கடை வந்துவிட்டது என்று சொல்லத்தான் நினைத்தேன். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, உட்கார இடம் பார்த்து, உட்கார்ந்துகொண்டது.

ஆவணிக் கடைசியில் ஒரு மத்தியானம் நிவிக்குக் காய்ச்சல் கண்டது. தொட்டால் சுட்டது. கண் மேலே போனது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கத்தினேன். எனக்குக் கத்திப் பழக்கமில்லை, இருந்தாலும் கத்தினேன். எதிர்ப்பக்கம் யாரோ தாழ்வாரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தது தெரிந்தது. பார்த்துவிட்டு உள்ளே போனது தெரிந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கொடியில் சட்டை நனைந்துகொண்டிருந்தது.

பிள்ளையைச் சேலையில் சுற்றி இடுப்பில் இறுக்கிக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் ஓடையைத் தாண்டி, ஆறாம் நம்பருக்குள் ஓடினேன். முதல் இலையின் நிழலும் இரண்டாம் இலையின் நிழலும் என் மேல் இருந்தன, தடம் தெரியாத அளவுக்கு இருட்டு, அத்தனை நிழலுக்குள்ளும் மழை நேராக, ஓர் இலைகூடத் தடுக்காமல், பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. அந்த ஓட்டத்தில்தான் முதல் தடவையாக நான் அங்கே தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். முந்நூறு எலும்புக்கூடு. அதற்கு மேல் வானம்.

வஞ்சியக்கா கடையிலிருந்து குடையில்லாமல் ஓடி வந்து பிள்ளையை வாங்கினாள்.

"அட பாவிப்புள்ள, தனியாவா வந்த? நீ கத்துனது கேட்டுச்சுடீ. கொடியில சட்டை தொங்குதே, சென்னியப்பன் ஊட்டுலதான இருக்கறான், அவன் பாத்துக்குவான்னு இருந்துட்டேனே! எங்கடீ அவன்?"

நான் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தேன். மாரப்பண்ணன் டிவிஎஸ்ஸை எடுத்தார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வஞ்சியக்காவும் நானும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தோம், நடுவில் பிள்ளை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நிவி பன் கேட்டாள், அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

புரட்டாசி ஐந்தாம் தேதி துணியை விரித்தேன். தொண்ணூற்றெட்டு. எழுதினேன். பொய் இல்லை. பேனாவை மூடினேன். ஓடையின் அந்தப் பக்கம் என் வீட்டுக் கொடி தெரிந்தது, அதில் அந்தச் சட்டை கை இரண்டையும் தொங்கப் போட்டு நின்றது, யாரும் என் வீட்டுக்கு வராமல் அதுதான் இத்தனை நாளும் காவல் காத்திருக்கிறது. பேனாவைத் திறந்தேன். குறிப்பு என்கிற பத்தியில் கோணலாக, பத்தி போதாமல் ஓரத்திலெல்லாம் ஏறி, இப்படி எழுதினேன்:

"நெழல் மட்டும்தான் இருக்குது. எல இல்லை. ஆனியில் இருந்தே இல்லை. ரெண்டு தடவ புழு தின்னுருச்சு. கொப்பு சொரண்டினா நாலு விரக்கடை பழுப்பு. இப்ப கடைசியா கொஞ்சம் தளுத்து இருக்குது, அதுலயும் புழு இருக்குது. வந்து பாருங்க மேடம்."

பாறையில் ஏறி அனுப்பினேன். கட்டைவிரல் படம் வரவில்லை. பாறையை விட்டு இறங்காமலேயே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மாப்பள நல்லாருக்காரா கண்ணு?"

"அவரு இல்லம்மா."

"வேலைக்குப் போயிட்டாரா?"

"போன ஆடியில போனவரும்மா. திரும்பி வரல. தையிலிருந்து போனும் இல்ல."

அவள் பக்கம் கோழி ஒன்று கொக்கரித்தது. "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வர்றேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவே இல்லை. மறுநாள் மாற்றுச் சேலையும் ஒரு கோழியுமாக வந்து இறங்கினாள்.

நாலாம் நாள் பெனிட்டா மேடம் ஜீப்பில் வந்தார்கள். நிழலுக்குள் நடந்து வந்து, நின்று, மேலே பார்த்தார்கள். தொப்பி பின்னால் விழுந்தது. எடுக்கவில்லை.

"மேல பாக்காண்டாம்னு நாந்தானே சொன்னேன்" என்றார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க எழுதினத நாலு தடவ படிச்சேன் மைனா" என்றார்கள். சிரிக்கவில்லை.

ஊர் என்னிடம் பேச்சை நிறுத்தியது. கடையில் டீ கேட்டால் வஞ்சியக்கா டம்ளரை டக்கென்று வைப்பாள். "ஊரோட நெழல ஒத்தப் பேனாவுல தொடச்சுட்டா மகராசி" என்று ஆட்டுக்குச் சொல்வாள். மேடம் எல்லாரையும் கூட்டி வைத்து, ஐப்பசி ஐந்தாம் தேதி எண்ணிக்கையில் இருபது மரத்தில் பத்து மரத்திலாவது புது இலை இருந்தால் வெட்டு இல்லை, பத்துக்குக் குறைந்தால் கூப்புதான், அதை மாற்றத் தன்னால் முடியாது என்று சொன்னார்கள்.

புழுவுக்கு மருந்து புழுவுக்குள்ளேயே இருந்தது. சில புழுக்கள் சீக்கு வந்து கொப்பில் தலைகீழாகத் தொங்கிச் செத்துக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி அரைத்து, தண்ணீரில் கரைத்து, வடிகட்டித் தளிரில் அடித்தால் அந்தச் சீக்கு மற்றப் புழுக்களுக்கும் பரவும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். மேடம் கொண்டுவந்த துணியில் வடிகட்டினால் திப்பி இறங்கி மருந்தடிக்கிற குழாய் அடைத்துக்கொண்டது.

"மெல்லிசா, நெருக்கமா ஒரு வெள்ளத்துணி கிட்டுமா?"

மேடம் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்து அந்த ஊரில் அத்தனை தடவை துவைத்து மெலிந்த துணி ஒன்றுதான் இருந்தது. ஓடையைத் தாண்டிப் போய்க் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தேன். பொத்தான்களைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு, முதுகுப் பக்கத்தை வாளியின் வாயில் கட்டினேன். மருந்து அதன் வழியே சொட்டுச் சொட்டாக, சுத்தமாக இறங்கியது. வஞ்சியக்கா சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் வாளியின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டாள்.

புழு செத்தது. மரங்கள் மிளகளவு துளிர் விட்டன. ஆனால் எண்ணுவது எப்படி? டவுன் ஆபீஸ் துணிக் கணக்கைத்தான் நம்பும், துணியை விரித்தாலோ பழைய நிழல் இரண்டும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், புது இலைக்கு நிழல் உண்டா இல்லையா என்று யார் பிரித்துச் சொல்வது.

"வழியனுப்பி உட்டரலாம்" என்றாள் வஞ்சியக்கா. "எல சொல்லிக்காமப் போனதுனாலதான நெழல் நிக்குது. அது சொல்லாட்டி என்ன, நம்ம சொல்லலாம். வந்தவியள வாசல் வரைக்கும் வந்து அனுப்பாம உட்டா நம்மளுக்குத்தான் கேவலம்."

புரட்டாசி கடைசி நாள் காலையில் பதினைந்து வீட்டாரும் வந்தார்கள். சவரக்காரர் நாற்காலியை எடுத்துக்கொண்டார். கடுக்காயை அள்ளினார்கள். வஞ்சியக்கா தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஊரோடு பழகிய நிழல் என்பதால் எல்லாரும் வீட்டுப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி, "போய்ட்டு வா சாமி", "போய்ட்டு வா கண்ணு" என்று சொன்னார்கள். என் முறை வந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதே அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

"போய்ட்டு வாங்க" என்றேன்.

அம்மா என் தோளில் கை வைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சரிவின் மேல்பக்கத்திலிருந்து, ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டது போல, நிழல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு இறங்கி, எங்கள் கால்களைக் குளிர்ச்சியாகத் தொட்டுக் கடந்து, ஓடைக்கரையோடு கிழக்கே போனது. போன இடத்திலெல்லாம் வெயில் வந்து நின்றது. நாங்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் இத்தனை நாள் பார்க்காத சுருக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஐப்பசி ஐந்தாம் தேதி மேடமும் வந்திருந்தார்கள். ஊர் முழுக்க என் பின்னாலேயே நடந்தது. துணி விரிப்பேன், எண்ணுவேன், தலையைத் தூக்கி மேலே பார்ப்பேன், எழுதுவேன். முதல் மரம் இரண்டு. இரண்டாம் மரம் சுழி. மூன்றாம் மரமும் சுழி. கொப்பு மொத்தமும் பழுப்பாகிப்போய், நகம் வைத்தால் பொடியாக உதிர்ந்த மரங்களும் இருந்தன, அவற்றின் கீழே துணி வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. பத்தொன்பது மரம் முடிந்தபோது நிழல் விழுந்தது ஒன்பதில்தான். வஞ்சியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இருபதாம் மரம் ஓடைக்கு இந்தப் பக்கம், என் வீட்டுக்கு நேரே நிற்பது. அங்கிருந்து என் வீட்டுக் கொடி தெரியும், அதில் நிவியின் பாவாடையும் அம்மாவின் சேலையும் என் சேலையும் காய்ந்துகொண்டிருந்தன. துணியை விரித்தேன். நிவி ஓடிவந்து வழக்கம்போல மல்லாந்து படுத்தாள். துணியில் ஒன்றும் இல்லை. காத்திருந்தேன். காற்று நின்றது. நிவியின் காதுக்குப் பக்கத்தில், மூன்று கட்டத்தில், எலிக்காது அளவுக்கு மூன்று நிழல்.

நிவி தன் உள்ளங்கையைத் தூக்கி நாலாம் கட்டத்தின் மேல் பிடித்தாள். "நாலும்மா."

"உங்கையி கணக்குல வராது தங்கம்."

"ஏன்?"

"அது நீ எடுத்தாப் போயிரும்."

நான் அவளுக்குப் பக்கத்திலேயே துணி மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது, கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, இருந்தாலும் தெரிந்தது. பின்பு எழுந்து உட்கார்ந்து, முழங்கால் மேல் நோட்டை வைத்து, நிழல் பத்தியில் மூன்று என்று போட்டேன். குறிப்புப் பத்தியில் எழுதினேன்: "மேல பாத்தேன். எல இருக்குது."